ஜிக் வாங்கும்போது நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தூண்டில் பொழுதுபோக்கு பற்றி ஞாயிறு பதிப்பில் வந்த குறிப்பு, எந்த நிற ஜிக் (கனமான தலை பொருத்திய தூண்டில் முள்; அதில் ரப்பர் மீனைக் கோத்து வீசுவோம்) வாங்கலாம் என்பதோடு நின்றுவிட்டது. புதியவர்கள் காசைத் தொலைப்பதே அங்கேதான்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கிராப்பி ஜிக் பொட்டலங்கள் கிராப்பி என்ற வட அமெரிக்க ஏரி மீனுக்காகச் செய்யப்பட்டவை. கிராப்பியின் வாய்ச் சவ்வு காகிதம்போல் மெல்லியது. ஓங்கி இழுத்தால் கிழிந்துவிடும். அதனால் முள்ளும் மெல்லிய கம்பிதான். எடை பெரும்பாலும் 1/32 முதல் 1/8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 1 கிராமிலிருந்து 3.5 கிராம் வரை. பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டையில் சிறிய பீகாக் பாஸ் மீனுக்கு இது போதும். பட்டர்வொர்த்துக்கும் பினாங்குத் தீவுக்கும் இடைப்பட்ட நீரோட்டத்தில் வீசினால் தரையைத் தொடாமலே அடித்துப் போகும். தப்பித் தவறி நல்ல சியாகாப் (கொடுவா மீன்) கடித்தாலோ முள் நிமிர்ந்துவிடும்.

எடையை நீரோட்டம் பார்த்து எடுங்கள். ஆற்று முகத்துவாரத்தில் நீர் நின்றிருக்கும்போது 5 முதல் 7 கிராம். ஏற்றவற்றம் வேகமாக இருக்கும்போது 10 முதல் 14 கிராம். ஜிக் தரையைத் தொட்டதும் நூல் தொய்யும். தொய்யாமல் பக்கவாட்டில் வளைந்துகொண்டே போனால் எடை போதவில்லை. ஒவ்வொரு முறையும் சேற்றில் புதைந்து கனத்து வந்தால் ஒரு படி குறையுங்கள்.

10 அல்லது 15 பவுண்டு பின்னல் நூலின் முனையில் ஒரு கை நீளம் 25, 30 பவுண்டு ஃபுளோரோகார்பன் (உரசலைத் தாங்கும் ஒற்றை இழை நூல்) அவசியம். சியாகாபின் செவுள் மூடி விளிம்பு அவ்வளவு கூர்மை. பின்னல் நூல் உரசினால் அறுந்துவிடும்.

ரப்பர் மீனைக் கோக்குமுன் முள்ளின் பக்கத்தில் வைத்து, முனை வெளிவர வேண்டிய இடத்தை அளந்துகொள்ளுங்கள். சற்றுக் கோணினாலும் நீரில் சுழலும், நூல் முறுக்கிக்கொள்ளும், மீன் திரும்பியும் பார்க்காது. வெவ்வேறு வகை ரப்பரை ஒரே பெட்டியில் போடாதீர்கள். சில வகைகள் ஒன்றையொன்று உருக்கிப் பிசினாகிவிடும். வெயிலில் காருக்குள் விட்டால் வால் கோணிவிடும், அதற்குப் பிறகு நேரே நீந்தாது.

நிறமா? நம் கலங்கல் நீருக்கு வெள்ளை, பச்சை கலந்த மஞ்சள், அந்திக்குக் கறுப்பு. மூன்று போதும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பொட்டலத்தில் எடையைக் கிராமில் எழுதி ஒட்டுங்கள். ஜிக் தலை பெரும்பாலும் காரீயம் என்னும் நச்சு உலோகம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். படகுத்துறையில் சிறுவர்கள் ஜிக்கைத் தொட்ட அதே கையோடு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். பெற்றோர் முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வைக்க வேண்டும்.

வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு