கமர்கட்டும் கேண்டி கார்னும்

ஹாரிஸ்பர்க், பென்சில்வேனியா
நவம்பர் 2

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசுக்கு நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடு. தங்கச்சி சொல்வதைக் கேள்.

"அந்தப் பேய்த் திருவிழாவில் அப்படி என்னதான் மிட்டாய் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். முந்தாநாள்தான் ஹாலோவீன் முடிந்தது. இருட்டியதும் பேத்தி சூனியக்காரி வேஷத்தில் தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கக் கிளம்பினாள். நான் டார்ச்சோடு பின்னால் நடந்தேன். திரும்பி வந்ததும் உறையைக் கூடத்தில் கவிழ்த்தாள். ரகம் ரகமாகப் பிரித்துக் குவித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பையனோடு பேரம் தொடங்கியது. ஒரு ரீஸஸ் கப்புக்கு மூன்று லாலிபாப்! கமர்கட்டுக்குக் கோலிக்குண்டு மாற்றினோமே, அதே பேரம்தான்.

ரீஸஸ் என்பது சாக்லேட் கிண்ணத்துக்குள் அரைத்த நிலக்கடலை விழுது. கடலை மிட்டாய் தின்று வளர்ந்தவர்கள் நாம், உனக்கும் பிடிக்கும். அதைச் செய்த எச்.பி. ரீஸ், ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியின் பால்பண்ணையில் வேலை பார்த்தவர். 16 பிள்ளைகள். அத்தனை வயிற்றையும் நிரப்ப மிட்டாய்த் தொழிலில் இறங்கி, 1928இல் இந்தக் கப்பைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மற்ற மிட்டாய்களை நிறுத்திவிட்டு, சர்க்கரை குறைவாகப் பிடிக்கும் இதை மட்டும் செய்தாராம். ஹெர்ஷி ஊர் எங்களுக்குப் பக்கம்தான். அங்கே தெருவிளக்குகூட அவர்களுடைய கிஸ்ஸஸ் மிட்டாய் வடிவத்தில் இருக்கும்.

வீடு வீடாகப் போய்க் கேட்கும் வழக்கத்துக்கு வேர் பழசு. இங்கிலாந்தில் ஏழைகள் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லி வாசல்தோறும் சிறு கேக் வாங்குவார்கள். இங்கேயும் முன்பு கொட்டைகள், பழம், சில்லறைக் காசு என்று எதையாவது கொடுத்தார்கள். 1947இல் சர்க்கரை ரேஷன் முடிந்த பிறகுதான் மிட்டாய் அந்த இடத்தைப் பிடித்தது.

எனக்குப் பிடித்தது கேண்டி கார்ன். இங்கே பலர் மெழுகு தின்பதுபோல் இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மக்காச்சோள மணி மாதிரி, மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று நிறம். 1898இல் கோலிட்ஸ் கம்பெனி இதைச் செய்ய ஆரம்பித்தபோது 'கோழித்தீவனம்' என்ற பெயரில் விற்றது. ஸ்டார்ச் மாவு பரப்பிய தட்டுகளில் அச்சுக்குழி பதித்து, சூடான பாகு வாளியோடு பின்னோக்கி நடந்தபடியே ஆட்கள் ஊற்றுவார்களாம். ஒரு வாளி சுமார் 20 கிலோ. மூன்று நிறத்துக்கு மூன்று நடை. வெள்ளை நுனியைக் கடித்தால் முதலில் பல்லில் ஒட்டும், அப்புறம் வெண்ணிலா வாசனையோடு மணல் மணலாகக் கரையும்.

அந்த மிட்டாய்க் குவியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. இருமலுக்கு வைத்திருந்த பனங்கற்கண்டில் ஒரு கட்டியைப் பேத்தியின் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, ராக் கேண்டி!" என்றாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது, சண்முகம். ராக் என்றால் கல். கேண்டி என்பதோ நம் கண்டுதான்! வடமொழியில் கண்டம், பாரசீகத்தில் கந்த், அரபியில் கந்தி, பிறகு ஐரோப்பாவில் கேண்டி. அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், தேனீ இல்லாமலே தேன் தரும் நாணல் இந்தியாவில் இருப்பதாக எழுதி வைத்தார். நம் புறநானூற்று 99ஆம் பாட்டில், அதியமானின் முன்னோர் இந்நாட்டுக்குக் கரும்பு கொண்டுவந்ததாக ஔவையார் பாடுகிறார். தமிழ் ஐயா அதைச் சொன்னபோது நாம் கடைசி பெஞ்சில் கமர்கட்டைக் கன்னத்தில் அதக்கியிருந்தோம்.

அதே கரும்புக்காக நம் ஆட்கள் கடல் தாண்டியதையும் மறக்க முடியவில்லை. 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் கூலி வேலைக்கு ஒப்பந்தம் போட்டு ஏற்றிப் போனவர்கள். பேத்தி கொஞ்சம் வளரட்டும், இதையும் சொல்வேன்.

அந்தக் கற்கண்டை அவள் வாயில் போடவில்லை. சற்று யோசித்து, ரீஸஸ் குவியலின் மேல் வைத்தாள்.

உடன்குடிப் பக்கம் போனால் அரைக்கிலோ பனங்கற்கண்டு வாங்கி வை. தை மாதம் மருமகன் ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடு. உனக்கு கேண்டி கார்ன் ஒரு பாக்கெட் அவரிடமே வரும்.

அன்புடன்,
உன் வேலு