முகத்தைத் தொடும் முன் கேளுங்கள்: புகைப்படக் கலைஞர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மாவட்ட, வட்டாரப் புகைப்பட, வீடியோ கலைஞர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும், ஸ்டூடியோ உரிமையாளர்களுக்கும், ஆல்பம் வடிவமைப்பாளர்களுக்கும் வணக்கம்.

படத்தில் இருப்பவரோ அவருடைய வீட்டாரோ கேட்காதபோது, ஒரு முகத்தின் நிறத்தையும் அதில் வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும் அடையாளங்களையும் கணினியில் மாற்றுகிற வழக்கம் இருக்கிறது. அதைக் கைவிடும்படி உங்கள் உறுப்பினர்களுக்கு நீங்கள் அறிவுறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். அந்த வழக்கம் எப்படி நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. திருமண ஆல்பம் முதல் பள்ளி அடையாள அட்டை வரை அதுவே வேலையின் முதல் படியாக ஆகிவிட்டது என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கும் அந்தக் கருவிகளோடு பழக்கம் உண்டு. ஆகவே கணினி தெரியாத ஒருத்தியின் மனக்குறை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம்.

அண்மையில் என் தாயார் காலமானார். பதினாறாம் நாள் காரியத்தில் வைப்பதற்குப் பெரிய படம் ஒன்று தேவைப்பட்டது. அவர் தனியாக நின்று எடுத்துக்கொண்ட நல்ல படம் எங்களிடம் இல்லை. உறவினர் வீட்டு விசேஷத்தில் எடுத்த குழுப்படம் ஒன்றுதான் இருந்தது. அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, சுற்றி நிற்பவர்களை எடுத்துவிட்டு, நீலப் பின்னணி வைத்து, தோள்மீது வேறொருவரின் கை விழுந்திருந்ததால் உடல் பகுதிக்குப் பட்டுப்புடவை கட்டிய ஆயத்த உருவம் ஒன்றைப் பொருத்தித் தரும்படி கேட்டோம். இவை நாங்களே கேட்ட மாற்றங்கள். அவற்றை அவர்கள் நேர்த்தியாகவே செய்தார்கள். முடியோரம் வெட்டிய தடம்கூடத் தெரியவில்லை. அந்தக் கைத்திறனை மெச்சுகிறேன்.

சிக்கல் கழுத்தில் தொடங்கியது. ஸ்டூடியோக்களின் கணினிகளில் சேர்த்து வைத்திருக்கும் அந்தப் பட்டுப்புடவை உருவங்களின் கழுத்தும் கையும் ஏறக்குறைய எப்போதுமே வெளிர் நிறமாகத்தான் இருக்கின்றன. என் தாயார் நல்ல கறுப்பு. முகமும் கழுத்தும் பொருந்த வேண்டுமானால் இரண்டில் ஒன்றின் நிறத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். யாருடையது என்றே தெரியாத ஆயத்தக் கழுத்தைக் கறுப்பாக்குவதற்கும் அதே அளவு வேலைதான். ஆனால் அந்தக் கழுத்தை அப்படியே விட்டுவிட்டு, எழுபது வயதைக் கடந்து வாழ்ந்து முடித்த ஒரு பெண்ணின் முகத்தை அதற்கேற்ப வெளுத்தார்கள். எது உண்மை, எது ஒட்டு என்று கூட அந்த இடத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நிறத்தோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்போம். சிறுவயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர் அவர்; இரு கன்னங்களிலும் அதன் குழிகள் இருந்தன. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975-இல். 1977-இல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தத் தழும்புகளைத் தாங்கிய தலைமுறை இப்போது நம் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது. அந்தக் குழிகள் ஒன்று விடாமல் நிரவப்பட்டிருந்தன. இரு புருவங்களுக்கும் நடுவே பச்சை குத்திய பொட்டு ஒன்று இருந்தது; அதையும் கறை என்று எண்ணித் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு குங்குமப் பொட்டை வைத்திருந்தார்கள். காரியத்துக்கு வந்த என் சித்தி படத்துக்கு மாலை போட்டுவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தம் நெற்றியைத் தொட்டுக் காட்டி, "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல சந்தையில குத்துனது. எனக்கு இருக்கு. அக்காவுக்கு எங்க?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

மறுபடியும் அந்த ஸ்டூடியோவுக்குச் சென்றேன். கணினியில் வேலை பார்த்தவர் இளைஞர்; மரியாதையாகவே பேசினார். எந்த முகமானாலும் முதலில் தோலை மென்மையாக்கி, ஒரு படி வெளிச்சம் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும் என்று தமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்றும், எல்லாப் படங்களுக்கும், பதிந்து வைத்த கட்டளைகளைத் தானே வரிசையாகச் செய்து முடிக்கும் ஒரே 'ஆக்‌ஷன்'தான் என்றும் சொன்னார். என் தாயாரின் முகத்தை அவர் கூர்ந்து பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தொழிலைக் கற்றுக்கொடுத்தவர்கள் வகுத்த முறை அது. ஆகவேதான் அந்தக் கடைக்கு எழுதாமல், தொழிலுக்கு முறை வகுக்கக்கூடிய உங்களுக்கு எழுதுகிறேன்: கேட்காமல் முகத்தை மாற்ற வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

இது காலங்காலமாக நடப்பதுதானே என்று உங்களில் மூத்தவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். நெகட்டிவ்வைச் சாய்வு மேசையில் வைத்து, கீழிருந்து ஒளி ஊடுருவ, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகச்சுருக்கத்தை இளக்கிய கலைஞர்கள் நம் ஊர்களில் இருந்தார்கள். நெகட்டிவ்வில் பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்து வரும் என்பதால் அவர்களாலும் முகத்தை வெளுக்க முடிந்தது. சிலர் வெளுத்தும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முகத்தைத் தொட வேண்டுமானால் அந்த முகத்தோடு நெடுநேரம் உட்கார வேண்டியிருந்தது. எந்த மருவை விடுவது, எந்தக் கோட்டை இளக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணும் கையும் சேர்ந்து முடிவெடுத்தன. 2002-இல் ஃபோட்டோஷாப் மென்பொருளின் ஏழாம் பதிப்போடு, தழும்பையும் மருவையும் சுற்றியுள்ள தோலைக் கொண்டு நிரவிவிடும் ஹீலிங் பிரஷ் வந்தது. 2016-இல் கண், மூக்கு, வாய் இன்னின்னது என்று தானே கண்டுகொண்டு மாற்றித்தரும் வசதி, உருவத்தை இழுத்து வளைக்கும் லிக்விஃபை கருவியில் சேர்ந்தது. இன்று ஆயிரம் படங்களை ஒரே சொடுக்கில் ஓடவிடலாம். வேகம் கூடியதைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வேகத்தில் முகத்தைப் பார்க்கும் வேலையே விட்டுப்போனதைத்தான் சொல்கிறேன்.

திருமண ஆல்பங்களை எடுத்துக்கொள்வோம். தோல் நிறத்தை வெளுப்பதற்கு ஆரஞ்சு நிறத்தின் ஒளிர்வை ஏற்றிவிடுவது எளிய வழி. நம் தோலின் நிறம் பெரும்பாலும் அந்த நிறப் பட்டையில்தான் அடங்குகிறது. ஆனால் மஞ்சள் பூசிய கன்னமும், தாலிக் கயிறும், பொன் நகையும், அரக்குப் பட்டின் சரிகையும் அதே பட்டையிலும் அதை அடுத்த மஞ்சளிலும்தான் இருக்கின்றன. முகத்தை வெளுக்கப் போய்த் தாலிக் கயிறு வெளிறிப் பருத்தி நூல்போல் ஆகிவிட்ட ஆல்பங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மணமகளின் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், மணமகன் பற்றியிருக்கும் அவளது கை இன்னொரு நிறம். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து எடுத்த புடவையின் நிறமும் போய், அவளுடைய நிறமும் போய், வழவழப்பான காகிதத்தில் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருக்கிறாள். இதற்காக அந்தக் குடும்பம் கடன்கூட வாங்கிப் பணம் கட்டியிருக்கிறது.

குழந்தைகளின் படங்களில் இதைச் செய்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. பிறந்தநாளுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த ஆறு வயதுப் பெண்குழந்தையின் கறுப்பு முகத்தை வெளுத்துக் கொடுக்கும்போது, உன் நிறம் திருத்தப்பட வேண்டிய பிழை என்று அந்தக் குழந்தைக்குச் சொல்கிறோம்; அதை அழகாகச் சட்டம் போட்டு அவள் வீட்டுச் சுவரிலேயே மாட்டியும் விடுகிறோம். மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' கேட்பவர்கள், முகப்பூச்சு விற்பவர்கள், கறுப்பான நாயகியைத் தேடிப் பார்க்கவும் மனமில்லாத திரைத்துறையினர், தலைவர்களின் முகங்களைச் சுண்ணாம்பாக அச்சிட்டுத் தெருவை அடைக்கும் ஃபிளெக்ஸ் பேனர்காரர்கள் என்று இந்தக் குழந்தைக்கு எதிராக ஊரே அணிவகுத்து நிற்கிறது. பெரும்பான்மையோர் கறுப்பாகவும் மாநிறமாகவும் இருக்கும் ஒரு நாட்டில், அவர்களுடைய பணத்தை வாங்கிக்கொண்டே அவர்கள் முகத்தை அவர்களுக்குக் காட்ட மறுப்பது எந்த வகையில் நியாயம்? இவை அனைத்தையும் நீங்கள் சரிசெய்ய முடியாது என்பதை அறிவேன். உங்கள் கையில் இருக்கும் ஒன்றை மட்டுமே பணிவுடன் கேட்கிறேன்.

முகத்தின் நிறத்தை மாற்றுவது சின்ன விஷயம் என்று எண்ணுவோருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவுபடுத்துகிறேன். 1994 ஜூன் மாதம், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின முன்னாள் விளையாட்டு வீரர் ஓ. ஜே. சிம்சனின் காவல்துறைப் படத்தை அமெரிக்காவின் 'டைம்' இதழ் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே படத்தை அதே வாரம் 'நியூஸ்வீக்' மாற்றமின்றி வெளியிட்டதால், கடைகளில் இரண்டும் அருகருகே தொங்கி, செய்தது அம்பலமாகிப் பெரும் கண்டனம் எழுந்தது. குற்றவாளியாகக் காட்டக் கறுப்பாக்கினார்கள் அங்கே. மதிப்பாகக் காட்ட வெளுக்கிறோம் இங்கே. இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறப்பவைதாம்.

அண்மையில் இதைவிடக் கவலை தரும் ஒன்று சேர்ந்திருக்கிறது. பழைய, மங்கிய படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் போட்டுத் தெளிவாக்கித் தருகிறார்கள். மங்கிய படத்தில் பதிவாகாத இமையையும் பல்வரிசையையும் அந்தச் செயலி எங்கிருந்து எடுக்கிறது? அது கற்றுக்கொண்ட வேற்று முகங்களிலிருந்து. பரவலாகப் புழங்கும் அத்தகைய செயலிகளில் ஒன்று, இணையத்திலிருந்து திரட்டிய 70,000 முகப்படங்களின் தொகுப்பைக் கொண்டு பயிற்றப்பட்டது. அவற்றில் நம் பாட்டிமாரின் முகங்கள் எத்தனை இருந்திருக்கும்? உறவினர் ஒருவர் வீட்டில், பாம்படம் போட்டு நீண்டு தொங்கிய காதுகளோடு வாழ்ந்த ஒரு மூதாட்டியின் படம் இப்படித் 'தெளிவாக்கப்பட்டு', சின்னக் காதுகளோடு தொங்குவதைக் கண்டேன். பேரப்பிள்ளைகள் அவரை இனி அப்படித்தான் அறிவார்கள்.

வாடிக்கையாளர்களே கேட்கிறார்களே என்பீர்கள். கேட்பவர்கள் பலர் உண்டு, மறுக்கவில்லை. அவர்களுக்கு அவர்கள் விருப்பப்படி செய்து கொடுங்கள். கடை நடத்துபவரின் நெருக்கடி எனக்கும் தெரியும். பல புகைப்படங்களை ஒன்றோடொன்று கலப்பதைக் கலையாகச் செய்து, மனித முகத்தில் கடலையும் காட்டையும் வரவழைக்கும் கலைஞர்களையும் நான் குறை சொல்லவில்லை. அங்கே மாற்றம்தான் படைப்பு என்பது பார்ப்பவருக்கும் தெரியும், படத்தில் இருப்பவருக்கும் தெரியும். நினைவுப் படத்திலும் திருமண ஆல்பத்திலும் யாருக்கும் தெரிவிக்காமல் நடக்கிறது. பத்து நாளில் ஆறிப்போகும் பருவை நீக்குங்கள். பூச்சி கடித்த தடிப்பை நீக்குங்கள். பிறப்போடு வந்த மச்சத்தையும், வாழ்ந்து பெற்ற தழும்பையும், உடம்பின் நிறத்தையும் கேட்காமல் தொடாதீர்கள். தொழிலில் தேர்ந்தவர்கள் பலர் ஏற்கெனவே இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். எல்லோருக்கும் அதை விதியாக்கத்தான் கேட்கிறேன்.

விதி வகுப்பது முடியாத காரியமும் அல்ல. கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் கொடுக்கும் படத்தில் முகத்தைத் திருத்தக் கூடாது என்றால் அதே ஸ்டூடியோக்கள் மறுபேச்சில்லாமல் கட்டுப்படுகின்றன. விளம்பரத் துறையே தனக்குத் தானே விதி வகுத்துக்கொண்டு, கறுப்பு நிறத்தவரைத் தாழ்வாகவோ துயரத்தில் இருப்பவராகவோ சித்திரிக்கக் கூடாது என்று 2014-இல் இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழியே அறிவித்தது. பிரான்சில் 2017 முதல், விளம்பர மாடலின் உடல் தோற்றத்தைக் கணினியில் மெலிவித்தாலோ பருமனாக்கினாலோ அது திருத்தப்பட்ட படம் என்று குறிப்பிட வேண்டும். நான் கேட்பது சட்டமோ தண்டமோ அல்ல. ரசீதுப் புத்தகத்தில் ஒரு வரி. 'முகத்தின் நிறம், மச்சம், தழும்பு, பச்சை ஆகியவற்றை மாற்ற வேண்டுமா?' என்று அச்சிட்டு, வாடிக்கையாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வேண்டாம் என்றே கொள்ளுங்கள். மாற்றிய படத்தோடு மாற்றாத மூலப்படத்தையும் சேர்த்துக் கொடுங்கள். ஆயத்த உருவங்களைச் சேர்த்து வைக்கும்போது கறுப்பு, மாநிறக் கழுத்துகளையும் கைகளையும் சேர்த்து வையுங்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 19 அன்று உலகப் புகைப்பட நாளைக் கொண்டாடுகிறீர்கள். மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிந்து, நிறைவேற்றி, ஒவ்வோர் உறுப்பினரின் கடையிலும் ஒட்டச் செய்யுமாறு வேண்டுகிறேன். அதற்கு முன்பே செய்ய இயலுமானால் இன்னும் நன்று. இதுகுறித்து உங்கள் கருத்து வேறாக இருந்தால், அதையும் பொதுவில் தெரிவியுங்கள். வாடிக்கையாளர்களாகிய நாங்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
தென்மாவட்டத்து வாடிக்கையாளர் ஒருவர்