தையலுக்குக் கால் மணித்தியாலம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் தையலுக்கு யாருக்கு நேரம் இருக்கிறது என்ற கேள்வி மகளிர் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. திருகோணமலையில் எத்தனையோ வீடுகளில் காலால் மிதிக்கும் தையல் மெசின் மூடி போட்டபடி கிடக்கிறது. நேரமின்மைதான் காரணம் என்று சொல்வதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. கால் மணித்தியாலம் எல்லோருக்கும் எப்போதாவது கிடைக்கிறது. மேசையை ஒதுக்கி, துணியைத் தேடி, நூலைக் கோத்து முடிக்கிறபோது அந்தக் கால் மணித்தியாலம் போய்விடுகிறது. மேசையில் செய்வது, மெசினில் செய்வது, ஸ்திரிக்கையில் செய்வது, மடியில் வைத்துச் செய்வது என்று வேலையை முன்கூட்டியே பிரித்து வைத்தால் தைக்கலாம். துண்டுத் துணிகளை ஒட்டித் தைக்கும் போர்வை இப்படிப் பிரிப்பதற்கு ஏற்றது. சட்டை தைக்கும்போது பாதியில் விட்டால் எங்கே விட்டோம் என்று தடுமாறுவோம். சதுரங்களில் அந்தச் சிக்கல் இல்லை.

குழந்தைக்கான 36 அங்குலப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 அங்குலச் சதுரங்கள் 64 வேண்டும்: 8 வரிசை, வரிசைக்கு 8. ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, சதுரம் 4½ அங்குலமாக நிற்கும். சதுரங்களுக்குக் கீழே வரும் அடித்துணியும், இரண்டுக்கும் இடையில் வரும் நடுத்துணியும் 40 அங்குலம். 45 அங்குல அகலச் சீத்தைத் துணியில் 1.1 மீற்றர் எடுத்தால் அடித்துணிக்குப் போதும். சுற்றி ஓரத்தை மூடித் தைக்கும் பட்டிக்கு 2½ அங்குல அகலத்தில் 4 கீற்றுகள். அதே அகலத் துணியில் 10 அங்குலம்தான் செலவாகும்.

சதுரங்களுக்குப் பழைய துணியே நல்லது. சாறம், வொயில் சேலை, பருத்தி நைட்டி, பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன வெள்ளைச் சீருடை எல்லாம் உதவும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இரு பெருவிரலாலும் இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி நின்றால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். போர்வையில் முதலில் கிழிவது அதுதான். தையற்கடை வெட்டுத்துண்டுகளில் பொலியெஸ்டர் கலந்திருக்கும். ஒரு நூலை எரித்துப் பார்த்தால் பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டியாகும். டெனிமையும் வொயிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. கனமான துணி மெல்லியதைத் தையலோடு இழுத்துக் கிழித்துவிடும்.

புதுத் துணியைத் தோய்த்துக் காய வைத்த பிறகே வெட்ட வேண்டும். பருத்தி சுருங்கும், சிவப்பும் கடும் நீலமும் சாயம் விடும். உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாயம் ஏற்றும்போது உப்பு துணைசெய்யும். ஏற்கனவே சாயமேற்றிய துணியிலிருந்து கழன்று வருவதை அது நிறுத்தாது. தண்ணீர் தெளியும்வரை அலசுவதே வழி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தோய்த்து வைத்துவிட்டால் மாரியில் துணி காயுமோ என்ற கவலை இல்லை.

வெட்டுவதற்குப் பழைய எக்ஸ்ரே பிலிமில் ஒரு 5 அங்குலச் சதுரம் செய்துகொள்ளுங்கள். மட்டை அட்டை வேண்டாம். பென்சில் பட்டுப் பட்டு அதன் ஓரம் தேயும், கடைசிச் சதுரங்கள் சிறிதாகிவிடும். ஒரு தடவையில் 10 சதுரம் வெட்டி ஒரு பெட்டியில் போட்டால் அன்றைய வேலை சரி.

மெசின் வேலைதான் பலரை மலைக்க வைக்கிறது. இரண்டிரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, தைக்க வேண்டிய பக்கம் வலது கைக்கு வரும்படி, மெசின் பக்கத்திலேயே அடுக்கி வையுங்கள். முதலில் ஒரு கழிவுத் துண்டைத் தைத்து, நூலை வெட்டாமலே முதல் சோடியை ஊட்டுங்கள். அதன் பின்னால் அடுத்தது, அதன் பின்னால் அடுத்தது. 32 சோடியும் கொடியில் கட்டிய தோரணம்போல் பின்பக்கமாக இறங்கும். பழகிய கைக்கு இது கால் மணித்தியால வேலை. தொடக்கத்தில் நூல் சிக்குவதும், ஒவ்வொரு தடவையும் நூல் வீணாவதும் இல்லை. அடுத்த தடவை சோடிகளை நான்காக்கினால் 16 தையல், பிறகு எட்டாக்க 8 தையல். கடைசியில் வரிசைகளை இணைக்க 7 நீளத் தையல் மட்டுமே.

கால் அங்குலம் என்பதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டிலும் 1/16 அங்குலம் கூடப் பிடித்தால் ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் போகும். வரிசையில் 7 தையல் இருப்பதால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். வரிசைக்கு வரிசை இது வேறுபட்டால் மூலைகள் சேரவே சேராது. பல மெசின்களில் துணியை அமுக்கும் பாதத்தின் ஓரம் கால் அங்குலத்தில் இருப்பதில்லை. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து, தட்டின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டிவிட்டால் துணி அதில் முட்டி நேராகப் போகும். இரண்டு சதுரங்களை இணைத்துப் பாருங்கள். 9½ அங்குலம் வந்தால் அளவு சரி.

அடியில் நூல் கூடு கட்டினால் அடிநூல் சுற்றிய பொபினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் பிழை மேல்நூலில் இருக்கும். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூல் கோக்க வேண்டும். இறக்கி வைத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசைத் தட்டுகள் மூடியிருப்பதால் நூல் உள்ளே அமராது. ஊசியை மாற்றும்போது நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் என்று பார்த்து, அந்தப் பக்கத்திலிருந்தே கோக்க வேண்டும். சீத்தைக்கு 14ஆம் இலக்க ஊசி, வொயிலுக்கு 11. தேங்காய் எண்ணெய் மெசினுக்கு ஆகாது, அது பிசினாகி இறுகும். மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு, கழிவுத் துணியில் கொஞ்சம் ஓட்டியபின் தையுங்கள்.

மடிப்பு அழுத்துவதற்கென்று தனியாக ஸ்திரிக்கையைச் சூடாக்கத் தேவையில்லை. ஞாயிறு மாலை பள்ளிச் சீருடை தேய்த்த சூட்டிலேயே செய்துவிடலாம். முதல் வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும், அடுத்ததை இடப்பக்கமும் என்று மாற்றி மாற்றிச் சாய்த்தால் மூலைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தி உட்காரும். ஸ்திரிக்கையை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் கோணும்.

கால் மணித்தியாலத்தில் அடங்காத வேலை ஒன்று உண்டு. மூன்று துணிகளையும் அடுக்கி நூலோட்டம் போடுவதற்கு வெறுந்தரையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலான நேரமும் வேண்டும். போயா விடுமுறையில் வைத்துக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்தி, அடித்துணியைத் தரையில் இழுத்து ஒட்டி, நடுவிலிருந்து வெளியே 4 அங்குலத்துக்கு ஒரு வரியாக நீளத் தையல் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும், அது பிறகு போகாது. நடுத்துணிக்குப் பஞ்சு விரிப்பு வாங்க வேண்டாம். எங்கள் ஊர் வெக்கைக்கு ஒரு பழைய பருத்திச் சேலை போதும். வங்காளத்துக் காந்தாவும் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டதுதான்.

அதன்பின் எல்லாமே மடிவேலை. ரியூசன் வாசலில், கிளினிக் வரிசையில், மின்சாரம் நின்ற மாலையில் 3 அங்குல இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே போகலாம். அங்குலத்துக்கு 5, 6 தையல் நல்ல அளவு. ஊசியைத் துணியில் குத்தி இரவில் விட்டு வைக்காதீர்கள். கடற்காற்றில் துருவேறி வெள்ளையில் கறை விழும். இறுக்கி மூடும் மருந்துப் போத்தலில், புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு போட்டு வைத்தால் ஊசி பளபளப்பாகவே இருக்கும். பழைய நூலையும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். சுலபமாக அறுந்தால் தையலுக்கு ஆகாது.

மகளிர் பக்கத்திடம் ஒரு வேண்டுகோள். தையல் மாதிரிகளை வெளியிடும்போது நிறைவடைந்த படத்தை மட்டும் போடாமல், வெட்டும் அளவு, தைத்த பின் அளவு, துணியின் அகலம், எத்தனை மீற்றர் என்பவற்றையும் சேர்த்துப் போடுங்கள். எந்தப் படிக்கு மேசை வேண்டும், எதற்கு மெசின் வேண்டும், எது மடியில் முடியும் என்றும் குறித்துவிட்டால், வேலைக்குப் போகும் பெண்களும் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.