பிரசவ அறைக்குள் யார் துணை என்று தாயைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நம் இலங்கையின் தாய்சேய் பராமரிப்பைக் குறை சொல்ல எனக்கு லேசில் வாய் வராது. ஊர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பராமரிக்கும் சுகாதார அலகு முறை 1926இல் களுத்துறையில் தொடங்கியது; அது இன்று மட்டக்களப்பின் படுவான்கரையில் வயலுக்கு நடுவே இருக்கிற வீடுவரை வந்திருக்கிறது. மிட்வைஃப் ஸ்கூட்டியில் வந்து பதிவு செய்கிறார், பிரஷர் பார்க்கிறார், குளிசை தருகிறார். திரிபோஷா சத்துமாவும் கிடைக்கிறது. எல்லாம் இலவசம்.

குறை தொடங்குவது ஆஸ்பத்திரி வாசலில்தான். ஒன்பது மாதமும் பார்த்த மிட்வைஃபுக்கு, இவள் ஊசிக்குப் பயந்தவள், முன்பு ஒரு பிள்ளை தவறியதை நினைத்து இன்னும் இரவில் அழுகிறவள் என்பதெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் கர்ப்பிணி அட்டையில் போய்ச் சேருவது நிறையும் பிரஷரும் இரத்த வகையும்தான். வாட்டில் இருப்பவர்களுக்கு அவள் புது ஆள்.

என் மருமகளுக்கு நோவெடுத்தபோது கொஞ்சம் எழும்பி நடக்கக் கேட்டிருக்கிறாள். படுக்கச் சொல்லிவிட்டார்கள். காரணம் நல்லதாகவே இருந்திருக்கும், ஆனால் அதைச் சொன்னது சிங்களத்தில். பக்கத்துக் கட்டிலில் நோவோடு கிடந்த ஒரு பிள்ளைதான் தமிழில் விளங்கப்படுத்தினாளாம். வெளியே வாங்கில் சுடுதண்ணிப் போத்தலோடு நான் சும்மா இருந்தேன். இத்தனைக்கும் யார் துணைக்கு வேண்டும் என்று அவளைக் கேட்டிருந்தால் மாமியாரைச் சொல்லியிருக்க மாட்டாள், தன் அக்காவைத்தான் சொல்லியிருப்பாள். அந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை.

பிரசவ நேரம் முழுக்கத் தாய் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இலேயே பரிந்துரைத்துவிட்டது. இங்கிலாந்தில் 2016இல் வந்த மகப்பேற்று மீளாய்வு, ஒரே மிட்வைஃப் தொடக்கம் முதல் கடைசிவரை கூட வர வேண்டும் என்றது. ஆள் பற்றாக்குறையால் அங்கேயே 2022இல் அதற்கான இலக்கைக் கைவிட்டார்கள். சரி, நாம் அந்தளவுக்குக் கேட்கவில்லை. எட்டாம் மாதக் கிளினிக்கில் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசட்டும். எதற்குப் பயம், யார் துணை, எந்த மொழியில் சொன்னால் விளங்கும் என்று அட்டையில் ஒரு பக்கம் எழுதட்டும். வாட்டில் அதை ஒருவர் வாசிக்கட்டும்.

துணைக்கு ஆள் விட்டால் மற்றப் பெண்களுக்குக் கூச்சம் என்கிறார்கள். நியாயம்தான். அதற்குக் கட்டிலுக்குக் கட்டில் ஒரு கம்பியும் திரைச்சீலையும் போதுமே! தாதியர் ஓய்வில்லாமல் ஓடுவதை நானும் பார்த்தேன். துணைக்கு ஒருவர் இருந்தால் முதுகு தடவிவிடுவதும் தண்ணீர் பருக்குவதுமாவது அவர்கள் தலையில் விழாது.

இப்போதைக்கு ஒரு வேண்டுகோள். நம் மாவட்டத்தில் எந்தெந்த ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆள் விடுகிறார்கள், அதற்கு யாரிடம், எப்போது சொல்லி வைக்க வேண்டும் என்பதைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை உங்கள் பத்திரிகை வாயிலாக அறிவிக்குமா? கிளினிக் சுவரிலும் அதைத் தமிழில் ஒட்டினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொக்கட்டிச்சோலை.