லைட்டைத் தொடவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வெள்ளவத்தையில் ஒரு பாடசாலை நாடகம் பார்க்கப் போயிருந்தேன். பேத்தி அதில் மரமாக நின்றாள். இரண்டாம் காட்சி நடக்கும்போது பிளாஸ்டிக் கருகும் மணம். முப்பது வருடம் நாடகங்களுக்கு லைட் போட்டவன் மூக்கு இது. எழும்பி, பக்கத்து வாசலால் மேடைக்குப் பின்னால் போனேன். ஆயிரம் வாட் ‘பார்’ லைட்கள் (மேடைக்கு வெளிச்சம் பாய்ச்சும் பெரிய விளக்குகள்) நான்கை ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தார்கள். வயரை விரித்துக்கூட விடவில்லை, உருளையில் சுற்றியபடியே கிடந்தது. தொட்டேன், கையை வைத்திருக்க முடியவில்லை.

230 வோல்ட்டில் அப்படி ஒரு லைட் 4.3 அம்பியர் அளவு இழுக்கும். மூன்று போட்டாலே 13 அம்பியர் பிளக் நிறைந்துவிடும். நான்காவதோடு 17ஐத் தாண்டும். பியூஸ் போயிருக்குமே என்பீர்கள். 13 அம்பியர் பியூஸ் 17 அம்பியருக்குச் சட்டென்று போகாது. சுற்றிக் கிடக்கிற வயரில் சூடு வெளியேற வழியில்லை, அதுதான் முதலில் இளகும். இரண்டு லைட்டை நிறுத்தினேன். மேடை பாதி இருண்டது. நல்ல ஒளியமைப்பு என்று நினைத்துச் சபையில் சிலர் கைதட்டினார்கள்.

லைட் வாடகைக்கு வந்தது. கொண்டுவந்தவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். அங்கே நின்ற பொடியன்கள் இரண்டு பேரைக் கேட்டேன். “மிஸ் தொட வேண்டாம் எண்டு சொன்னவ, அங்கிள்” என்றான் ஒருவன். மிஸ்ஸில் பிழையில்லை, தெரியாதவன் தொடத்தான் கூடாது. ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு அதை எப்போதாவது யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

நான் பழகியது கொட்டாஞ்சேனையில், எழுபதுகளின் கடைசியில், தவக்காலத்தில் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தில். அப்போது எங்களிடம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இல்லை. லைட் போட்ட அண்ணன் ஒரு சாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு ஈயத் தகடு வைத்து, இன்னொன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். கரண்ட் தண்ணீர் வழியாகத்தான் லைட்டுக்குப் போகும். தகடுகள் கிட்ட வந்தால் வெளிச்சம் கூடும், விலகினால் குறையும். தண்ணீர் சூடாகி ஆவி பறக்கும். இயேசு உயிர் விடும் கட்டத்தில் கயிறு என் கையில். “இருபது எண்ணி முடியிறதுக்குள்ள தூக்கிப் போடாத” என்றார். எண்ணி எண்ணித் தூக்கினேன். முன்வரிசையில் ஆச்சிமார் அழுத சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது. (இன்று ஒருவரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம். உயிர் தப்பியது எங்கள் அதிர்ஷ்டம்.)

சாதாரண தரப் பரீட்சைக்கு ‘நாடகமும் அரங்கியலும்’ பாடம் இருக்கிறது. ஒளியமைப்பு, ஒப்பனை, காட்சியமைப்பு எல்லாம் பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதுகிறார்கள். பேத்தியின் அக்காவும் எழுதினாள். ஒரு லைட்டின் பின்பக்கத்தை அவள் கண்டதில்லை.

வெசாக்குக்குப் பல்புகளால் அலங்கரித்த பெரிய தோரணம் கட்டும் இடத்தில் ஒருநாள் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். பழைய முறையில் செம்புத் தகடு அடித்த உருளை சுழலும், அது தொடுகிற கம்பிக்குத் தக்கபடி பல்புகள் எரிந்து அணையும். பெரியவர் ஒருவர் முடுக்குவார், நாலைந்து பொடியன்கள் வயர் பிடிப்பார்கள். பிடித்துப் பிடித்தே தொழில் வந்துவிடும். எங்கள் ஊர்களில் கூத்துக்கு வட்டக்களரி என்ற வட்ட மேடை போட்டபோதும் இப்படித்தான் பழகியிருப்பார்கள். கொழும்புக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டோம்.

லைட் மட்டுமில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளை, பதினாலு வயது இருக்கும், கொப்பியில் ஒவ்வொரு கியூவுக்கும் (மேடையில் ஒன்று மாற வேண்டிய தருணத்துக்கும்) இலக்கம் போட்டு, யார் எந்தப் பக்கத்தால் வர வேண்டும், எந்தக் கதிரை எப்போது உள்ளே போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள். இருட்டில் தடுக்காமல் இருக்கக் கதிரையின் நாலு கால் இடத்துக்கும் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தாள். யார் சொல்லித்தந்தது என்றேன். ஒருவரும் இல்லையாம், ஒத்திகையில் இரண்டு முறை கதிரையில் மோதினதாம். கடைசியில் நடித்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். அவள் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மண்டபம் வைத்திருக்கும் சங்கங்களிடமும் பாடசாலை அதிபர்களிடமும் கேட்கிறேன். சனிக்கிழமை காலையில் வெறுமையாகக் கிடக்கும் மேடை ஒன்றைத் தாருங்கள். பழைய லைட் இரண்டு, ஒரு சின்ன டிம்மர், ஒரு சவுண்ட் மிக்ஸர் போதும். பத்துப் பிள்ளைகள் வந்தால் போதும், அதில் பாதி பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். சம்பளம் வேண்டாம், பஸ் காசு என்னிடம் இருக்கிறது. முதல் நாளே லைட் போட விடமாட்டேன், வயர் சுற்றத்தான் பழக்குவேன். முழங்கையில் சுற்றினால் வயர் முறுகி உள்ளே செம்பு முறியும். அப்படிச் சுற்றுகிற பிள்ளை அவிழ்த்துவிட்டுத் திரும்பச் சுற்ற வேண்டும்.

இப்படிக்கு,
பழைய லைட்காரன்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.