ரவுட்டரைப் பூட்டி, சாவியை எங்களிடம் கொடுங்கள்

வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களின் தமிழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

புது இணைப்பு கொடுக்க வரும் உங்கள் ஆட்கள் வைஃபைக்கு என்ன பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளரின் செல்போன் எண்ணைப் போடுகிறார்கள். இல்லையென்றால் வீட்டுக்காரர் பெயரோடு 123 சேர்த்துவிடுகிறார்கள். மறந்துபோய் மறுநாள் யாரும் போன் செய்யக் கூடாது, அவ்வளவுதான். வெயிலில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கும் அந்தத் தம்பிகள் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வீட்டை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும்படி வேலையை வகுத்தது நிர்வாகம். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது இதுதான்: வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரை நல்ல பாஸ்வேர்டால் பூட்டிக் கொடுங்கள், அதன் அமைப்புகளை மாற்றும் சாவியை எங்களிடம் கொடுங்கள்.

பாளையங்கோட்டையில் என் பெரியம்மா தனியாக இருக்கிறார். கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். அண்ணன் ஷார்ஜாவில் இருப்பதால் பேரனை வீடியோவில் பார்ப்பதற்காக ஃபைபர் இணைப்பு வாங்கினார்கள். உங்களில் ஒரு நிறுவனத்தின் இணைப்புதான். மாட்ட வந்தவர் பாஸ்வேர்டாகப் பெரியம்மாவின் செல்போன் எண்ணையே போட்டார். அந்த எண் வாசல் கேட்டில் தொங்கும் டியூஷன் போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

சில மாதங்கள் கழித்து சைபர் கிரைம் போலீஸ் வந்தது. வாடகைக்கு வீடு இருப்பதாகப் பொய் விளம்பரம் போட்டு யாரோ ஒருவரிடம் முன்பணம் வாங்கி ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த விளம்பரம் போன இணைப்பு பெரியம்மாவின் பெயரில் இருந்தது. ஒரு வீட்டில் எத்தனை போன், எத்தனை லேப்டாப் இருந்தாலும் வெளியே தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரிதான். உள்ளே இருந்து யார் அனுப்பினார்கள் என்பது வெளியே தெரியாது. அதனால் இணைப்பு யார் பெயரிலோ அவரைத்தான் வந்து கேட்பார்கள். வந்த அதிகாரிகள் மரியாதையாகவே பேசினார்கள். ஆனாலும் போனையும் பழைய லேப்டாப்பையும் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். சிம்மை மட்டும் கழற்றி வாங்கி ஒரு பட்டன் போனில் போட்டுக்கொண்டார் பெரியம்மா. பேரனைப் பார்ப்பதற்காக வாங்கிய இணைப்பாலேயே அவனைப் பார்க்க முடியாமல் போனது.

அதையும் பொறுத்துக்கொண்டார். டியூஷன் பிள்ளைகள் நின்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போலீஸ் ஜீப் நின்ற வீட்டுக்குப் பெண் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்று இரண்டு தாய்மார்கள் நேரிலேயே கேட்டுவிட்டார்கள். மற்றவர்கள் கேட்காமலேயே நிறுத்திவிட்டார்கள். பரீட்சைக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஆளில்லாத திண்ணையில் கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டு, “நான் என்னய்யா தப்பு பண்ணேன்?” என்று என்னிடம் கேட்டார். அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் மேல் குற்றம் இல்லை என்று தெரிந்து பொருட்கள் திரும்பி வந்தன. இணைப்பைப் பயன்படுத்தியது யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. பிள்ளைகளும் எல்லோரும் திரும்பி வரவில்லை.

இப்படி நடக்கும் என்று யாருக்குத் தெரியும் என நீங்கள் சொல்ல முடியாது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பூட்டாத வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். அப்புறம் 2009-இல் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு பற்றிச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவே அனுப்பியது. இத்தனை வருஷம் கழித்தும் கேட்டில் எழுதியிருக்கும் எண் ஒரு வீட்டின் பாஸ்வேர்டாக இருக்கிறது என்றால், அந்த உத்தரவைப் படித்து என்ன செய்தீர்கள்?

கேட்டில் போர்டு இல்லாத வீட்டுக்கும் ஆபத்து குறைவில்லை. நம் நாட்டு செல்போன் எண்கள் பத்து இலக்கம், 6, 7, 8, 9 ஆகிய எண்களில் ஏதோ ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடிதான். மனிதருக்கு அது பெரிய எண். கணினிக்கு அப்படி இல்லை. இன்று பெரும்பாலான வீடுகளில் இருப்பது டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறை. வீட்டில் உள்ள ஒரு போன் ரவுட்டரோடு இணையும் நேரத்தில் இரண்டும் பரிமாறிக்கொள்ளும் தகவலைத் தெருவில் நின்று பிடித்துக்கொண்டால் போதும். பிறகு யாரும் அந்தப் பக்கமே வர வேண்டியதில்லை. வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு இது சில மணி நேர வேலை. அதே டபிள்யூபிஏ2-வில், எழுத்தும் எண்ணும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலந்த, பதினாறு எழுத்து நீளப் பாஸ்வேர்டு இருந்தால் இந்த வழியில் யாராலும் நெருங்க முடியாது. ரவுட்டர் ஒன்றுதான், அதைப் பூட்டிய விதத்தில்தான் வித்தியாசம்.

சரி, ரவுட்டரை நாங்களே பாதுகாத்துக்கொள்கிறோம் என்றால் அதற்கும் முழு வழி இல்லை. பெரியம்மா வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கமான 192.168.1.1 முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். எங்களுக்குக் கொடுத்த லாகினில் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மட்டும் மாற்றலாம். டபிள்யூபிஎஸ் என்ற ஒரு வசதி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த முடியவில்லை. ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்க முடியவில்லை. வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட முடியவில்லை. எல்லா அமைப்புகளையும் திறக்கும் அட்மின் பாஸ்வேர்டைக் கஸ்டமர் கேரில் கேட்டால், “சார், அட்மின் பாஸ்வேர்டு கம்பெனிக்கு மட்டும்தான், கஸ்டமருக்குக் கொடுக்க மாட்டோம்” என்றார்கள். வேண்டுமானால் வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொன்னார்கள். பெயரை மறைத்தால் பக்கத்து வீட்டுப் பட்டியலில் தெரியாது, அவ்வளவுதான். நம் போன் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகத்தான் போகிறது. பாதுகாப்பு என்று கேட்ட வாடிக்கையாளருக்கு இதை ஆலோசனையாகச் சொல்லலாமா?

டபிள்யூபிஎஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டு அடிக்காமல் சுலபமாக இணைய வேண்டும் என்று கொண்டு வந்த வசதி அது. அதிலுள்ள எட்டு இலக்க ரகசிய எண்ணை (PIN) ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடுவது. அதனால் பத்துக் கோடி முறை முயல வேண்டிய இடத்தில் 11,000 முறை முயன்றால் போதும். இந்த ஓட்டை வெளியில் வந்தது 2011 டிசம்பரில். நாம் எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும், தவறான முயற்சிகளைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாத பழைய ரவுட்டரில் இந்த வழியாக உள்ளே வந்துவிடலாம். எங்கள் வீட்டுப் பின்கதவு திறந்திருக்கிறது, அதைச் சாத்தும் உரிமையோ உங்களிடம் மட்டும் இருக்கிறது. பிறகு போலீஸ் ஏன் எங்கள் வாசலுக்கு வருகிறது?

இணைப்பு வாங்கும்போது ஆதார் கேட்கிறீர்கள், போட்டோ எடுக்கிறீர்கள், கையெழுத்து வாங்குகிறீர்கள். பொறுப்பு முழுவதும் எங்கள் பெயரில் பதிவாகிறது. பெரிய பிளானுக்கு மாறச் சொல்லி வாரம் தவறாமல் குறுஞ்செய்தி வருகிறது. பில் தேதி தாண்டினால் மறுநாளே இணைப்பு நிற்கிறது. ஆனால் ‘உங்கள் ரவுட்டரில் ஒரு குறை கண்டுபிடித்தோம், சரிசெய்துவிட்டோம்’ என்று ஒரு குறுஞ்செய்தி எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. கரும்பலகையில் தமிழில் நுண்கணிதம் சொல்லிக் கொடுத்த என் பெரியம்மாவுக்கு அவருடைய சொந்த வீட்டு ரவுட்டரைத் தமிழில் விளக்கும் ஒரு தாள் இல்லை. விளம்பரத்தை மட்டும் நல்ல தமிழில் எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை எழுத ஆளில்லையா? கோபம் வருகிறது, மன்னியுங்கள். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

நான் கேட்பது புதிதும் இல்லை, முடியாததும் இல்லை. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல் இணையத்தோடு இணையும் கருவிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அதே தடை சட்டமாக நடைமுறையில் இருக்கிறது. ஏன் இந்தத் தடை என்பதும் உங்களுக்குத் தெரியும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் (கருவிகளைக் கைப்பற்றும் கெட்ட மென்பொருள்), ஆலையிலிருந்து வந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களை முடக்கியது. 2017 ஜூலையில் நம் நாட்டிலேயே பிஎஸ்என்எல் மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது. அப்போதும் காரணம் மாற்றப்படாத பாஸ்வேர்டுதான்.

ஆகவே தயவுசெய்து ரவுட்டரைப் பூட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு ரவுட்டருக்கும் தனித்தனியாக நீளமான பாஸ்வேர்டு ஆலையிலேயே உருவாகி, அதன் அடியில் ஒட்டி வரட்டும். உங்கள் ஆள் அதை மாற்றி செல்போன் எண் போடக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். டபிள்யூபிஎஸ் நின்ற நிலையிலேயே வரட்டும், வேண்டியவர்கள் இயக்கிக்கொள்வார்கள். விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை அமைக்கும் வசதி பல ரவுட்டர்களில் ஏற்கெனவே இருக்கிறது, அதை எங்களுக்குத் திறந்துவிடுங்கள். அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும் வாடிக்கையாளருக்கு மறுக்காமல் கொடுங்கள். ஏற்கெனவே செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டு வந்த வீடுகளுக்கு நீங்களே அழைத்து, கட்டணம் வாங்காமல் மாற்றிக் கொடுங்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளிலிருந்து தொடங்கினால் நன்றாக இருக்கும்.

பெரியம்மாவின் இணைப்பு எண்ணையும் இதுவரை கொடுத்த புகார்களின் எண்களையும் சம்பந்தப்பட்ட நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். தொலைபேசியில் ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டு முடித்துவிட வேண்டாம். இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எழுத்தில், தமிழில், அவர் முகவரிக்கே அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைத் தன் பழைய மாணவிகளின் தாய்மார்களிடம் காட்ட வேண்டும் என்று அவர் விரும்புகிறார்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.