நமக்கும் சீசன் இருக்கு சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பிரிட்டன்காரங்க பருவத்துக்கு பருவம் தோட்டம், டிரெஸ், குடிக்கிறதுன்னு எல்லாத்தையும் மாத்தி ரசிக்கிறத பத்தி உங்க ஞாயிறு பக்கத்துல வந்தத படிச்சேன், நல்லாருந்துச்சு. ஆனா அத படிச்சிட்டு எங்க தெருவுல ரெண்டு பேரு ஆன்லைன்ல டூலிப் கிழங்கு ஆர்டர் போட்டுட்டாங்க, அது அங்க அக்டோபர், நவம்பர்ல நட்டு குளிர்காலம் பூரா மண்ணுக்குள்ள குளிர வாங்குனாதான் வசந்தத்துல பூக்கும், மதுரை மொட்டமாடில எங்கங்க அந்த குளிருக்கு போறது!

நம்ம மல்லிக்கு கணக்கு வேற. கார்த்திகைல கிளைய வெட்டி கவாத்து பண்ணி விட்டா பங்குனில பூ கொட்டும். மார்கழில வரத்து கொறைஞ்சு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல வெல கேட்டா தலை சுத்தும், அதுவும் சீசன்தானே? 2013லயே புவிசார் குறியீடு வாங்குன பூ அது.

அவங்க குளிருக்கு ரெட் ஒயின்ல பட்டை கிராம்பு ஆரஞ்சு போட்டு சூடாக்கி குடிக்கிறாங்க, நாம மழை நாள்ல சுக்கு, கருப்பட்டி போட்ட பருத்திப்பால் குடிக்கிறோம் (என் ஓட்டு பருத்திப்பாலுக்குத்தான்). சித்திரை வெயிலுக்கு நீர்மோரு, பானகம், ஜிகர்தண்டா. கட்டிக்க சுங்குடி, அந்த காட்டன் சேலைய விட்டுட்டு மே மாசத்துல சிந்தெடிக் கட்டுறவங்கள என்ன சொல்ல.

மாசாமாசம் மதுரை மண்ணுக்கு என்ன விதைக்கலாம்னு ஒரு சின்ன பகுதி போடுங்க சார், ஆடிப்பட்டத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, செல்லூர், மதுரை